லோடு வண்டியில் எவ்வளவு ஏற்றலாம், யார் ஓட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற கடை என்பதால் எங்கள் வாசலில் தினமும் நாலைந்து லோடு வண்டிகள் நிற்கும். கொத்தனார், ஆசாரி, பிளம்பர், வெல்டர், பந்தல்காரர் என்று சொந்தத் தொழிலுக்காக ஒரு சின்ன வண்டி வாங்கியவர்கள்தான் அநேகம். ஷீட்டும் சவுக்கும் ஏறுகிற நேரத்தில் அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் வருடக்கணக்காக ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டமும் அதற்கு 2019இல் வந்த திருத்தமும்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

ஆர்.சி. புக்குல ரெண்டு எடை போட்டிருக்கே, எது என்ன?

அன்லேடன் வெயிட் என்பது காலி வண்டியின் எடை. லேடன் வெயிட் அல்லது கிராஸ் வெயிட் என்பது வண்டி, சரக்கு, டிரைவர், உடன் வருபவர் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சட்டத்தில் காலி எடைக்கு உள்ள விளக்கத்தில் டிரைவரும் கிளீனரும் சேரமாட்டார்கள். அதனால் அவர்களுடைய எடையும் சரக்குக் கணக்கில்தான் வரும். ஒரு பிக்கப்பின் காலி எடை 1,690 கிலோ, கிராஸ் 2,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,260. டிரைவரும் ஒரு ஆளும் 135 கிலோ என்றால் சரக்குக்கு 1,125 தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டையில் 22 ஏற்றலாம். 25 ஏற்றினால் ஓவர்லோடு.

ஷோரூம்ல ஒன்றரை டன் வண்டின்னு சொல்லித்தான் வித்தாங்க. அதை நம்பலாமா?

அது பேச்சுக்குச் சொல்வது. சில வண்டிகளில் பெயரோடு ஒட்டியிருக்கும் டன் கணக்கும் ஆர்.சி.யில் கழித்து வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. பாடி கட்டிய பிறகு காலி எடை கூடியிருக்கும், சரக்குக்கான மிச்சம் குறைந்திருக்கும். சட்டத்தின் 113ஆவது பிரிவு ஆர்.சி.யில் உள்ள எண்ணைத்தான் பார்க்கச் சொல்கிறது. அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடைக்குப் போக முடியுமா சார்? குத்துமதிப்பா எப்படித் தெரிஞ்சுக்கறது?

போக வேண்டியதில்லை. ஆனால் கண்ணால் பார்த்து எடை சொல்லக் கூடாது. தெர்மாகோல் வண்டி நிறையப் போனாலும் எடை இல்லை. கிரானைட் ஒரு அடி உயரத்துக்கு அடுக்கினாலே வண்டி உட்கார்ந்துவிடும். நம் தொழிலில் வருகிற சாமானுக்கு எல்லாம் எளிய கணக்கு இருக்கிறது.

கம்பிக்கு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். நூறு கம்பி என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிட்டது. மணலுக்கு: ஒரு யூனிட் நூறு கன அடி, காய்ந்த மணலே ஏறக்குறைய நாலரை டன் வரும். மேலே சொன்ன பிக்கப்பில் கால் யூனிட் போட்டாலே அளவு முடிந்தது. மழையில் நனைந்த மணலுக்கும் எம்.சாண்டுக்கும் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். அரை யூனிட் ஏற்றிக்கொண்டு போகிற பிக்கப்புகளைத் தினமும் பார்க்கிறேன். அது அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு.

செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ. ஆனால் சூளைக்குச் சூளை மாறும், பத்து கல்லை நிறுத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். தண்ணீர் ஆயிரம் லிட்டர் ஒரு டன். டைல்ஸ், பெயின்ட் போன்றவற்றுக்குப் பெட்டியிலோ டப்பாவிலோ அளவு இருக்கும். எப்போதும் ஏற்றுகிற சாமானை ஒரே ஒருமுறை எடை மேடையில் போட்டு, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தினால் அப்புறம் அதே அளவுக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

கார் ஓட்டற லைசென்ஸ் இருக்கு. குட்டி யானை ஓட்டலாமா? பேட்ஜ் எடுக்கணுமா?

ஓட்டலாம். கிராஸ் எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டி சட்டப்படி இலகு ரக வாகனம்தான். 2017இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. பிறகு அதில் கேள்வி எழுந்து ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6 அன்று அந்த அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது: இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள வணிக வண்டியை ஓட்ட, பேட்ஜ் என்று சொல்கிற தனி அனுமதி தேவையில்லை. விபத்து வழக்கில் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலகப் பேட்ஜ் இல்லை என்பதை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஒரு காரணமாகச் சொல்லிவந்தன. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. சின்ன வண்டிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் எல்லை எல்லைதான். 7,500ஐத் தாண்டினால் அதற்குரிய லைசென்ஸ் வேண்டும். கேஸ் சிலிண்டர், ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கை வணிகமாக ஏற்றுகிறவருக்கும் இ-ரிக்‌ஷா, இ-கார்ட் ஓட்டுகிறவருக்கும் தனி விதிகள் முன்போலவே உண்டு. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் கார் லைசென்ஸ் எடுத்துவிட்டான் என்பதற்காக லோடு வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பர்மிட் எந்த வண்டிக்கு வேணும், எதுக்கு வேணாம்?

கிராஸ் எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பர்மிட் (வண்டியைச் சரக்கு வாகனமாக ஓட்டப் போக்குவரத்துத் துறை தரும் அனுமதி) வேண்டாம். 66ஆவது பிரிவிலேயே இந்த விலக்கு இருக்கிறது. குட்டி யானை, லோடு ஆட்டோ எல்லாம் இதில் அடங்கும். பிக்கப்பில் சில மாடல்கள் 3,000க்கு உள்ளே, சில வெளியே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆகவே ஆர்.சி.யைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பேட்டரியில் ஓடும் வண்டிகளுக்கு எடை எவ்வளவாக இருந்தாலும் 2018 அக்டோபரில் மத்திய அரசு பர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது.

3,000ஐத் தாண்டியதும் பர்மிட் கட்டாயம். சரக்கு இல்லாமல் காலியாக ஓடினாலும் வேண்டும், சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. விபத்தானால் இன்னும் மோசம். பர்மிட் இல்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படையையே மீறியது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும்.

நான் வாடகைக்கே ஓட்டலையே, என் சொந்த சாமான்தானே ஏத்தறேன். எனக்கு எதுக்கு மஞ்சள் போர்டு?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி என்றால் அது சட்டப்படி சரக்கு வாகனம், சரக்கு வாகனம் என்றால் போக்குவரத்து வாகனம். சரக்கு யாருடையது, வாடகை வாங்கினீர்களா என்பதை அந்த விளக்கம் பார்ப்பதில்லை. அதனால் மஞ்சள் போர்டு, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), எடை 3,000க்கு மேல் என்றால் பர்மிட், எல்லாம் உங்களுக்கும் உண்டு. பேட்டரி வண்டியானால் போர்டு பச்சையாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்கும்.

அப்போ என் ஆம்னி வேன்ல டூல்ஸ் கொண்டுபோனாலும் தப்பா?

ஒரு டிரில்லிங் மெஷினும் டூல் பையும் கொண்டுபோவது பிரச்சினை இல்லை. ஆனால் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தினமும் பெயின்ட் டப்பாவும் பிளைவுட்டும் ஏற்றினால் கதை வேறு. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்யாத வண்டியாக இருந்தாலும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது அதுவும் சரக்கு வாகனம் என்றே சட்டம் சொல்கிறது. அதோடு சீட்டைக் கழற்றியதும் தனிக் குற்றமாகும், கீழே ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது பற்றிய பதிலைப் பாருங்கள். வேலைக்கு வண்டி தேவை என்று ஆகிவிட்டால், பழைய குட்டி யானை ஒன்றை முறையாக வாங்குவது எவ்வளவோ நல்லது.

லண்டன்ல இருக்கற எங்க அண்ணன், மூன்றரை டன்னுக்கு மேல வண்டி வெச்சா ஆபரேட்டர் லைசென்ஸ்னு ஒண்ணு எடுக்கணும்ங்கறாரு. இங்கயும் உண்டா?

இங்கே அந்தப் பெயரில் இல்லை. பிரிட்டனில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், ஓட்டுநர் லைசென்ஸ் போக, தொழில் நடத்துகிறவரும் ஒரு உரிமம் எடுக்க வேண்டும். சொந்தச் சரக்குக்கு மட்டும் என்றால் அதிலேயே கட்டுப்பாடுள்ள வகை ஒன்று உண்டு. நம் நாட்டில் அந்த இடத்தில் இருப்பது பர்மிட். அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி, அந்த 3.5 டன் கணக்கை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். நமக்கு 3,000 கிலோ, 7,500 கிலோ என்ற இரண்டு கோடுகள்தான்.

அடுத்தவர் சரக்கை வாங்கி, ரசீது கொடுத்து, வாடகைக்குக் கொண்டுசேர்ப்பதையே தொழிலாகச் செய்தால் மட்டும் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். சொந்தச் சாமான் ஏற்றும் கொத்தனாருக்கு அது பொருந்தாது.

எஃப்.சி. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?

புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு. வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும். எஃப்.சி. தீர்ந்த போக்குவரத்து வாகனம் பதிவே இல்லாத வாகனத்துக்குச் சமம் என்று 56ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் நாள் தவறினால் அபராதத்தோடு போகாது, இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஓவர்லோடுக்கு எவ்வளவு ஃபைன்? டிரைவர் கட்டணுமா, ஓனர் கட்டணுமா?

2019 திருத்தத்துக்கு முன்பு 2,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயும் இருந்தது. இப்போது 194ஆவது பிரிவுப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். இரண்டு டன் கூடுதல் என்றால் 24,000. கூடுதல் சரக்கை இறக்குகிற செலவும் உங்களுடையதுதான், இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது. ஒரு நாள் வேலை போகும், சைட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அந்தக் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000. கூடுதல் எடை என்று சந்தேகப்படும் அதிகாரி, போகிற வழியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம், போக வேண்டும்.

ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவர், ஓட்ட விட்டவர் எல்லோரும் பொறுப்பு. ஓட்டியவர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. சம்பளத்துக்கு ஓட்டுகிற ஆளிடம் 'ஏத்திக்கிட்டு வா, ஏதாவது கேட்டா நீ பாத்துக்கோ' என்று சொல்வது நியாயமும் இல்லை, அது உங்களைக் காப்பாற்றவும் செய்யாது.

ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேர்த்துட்டா இன்னும் அரை டன் தாங்கும்னு மெக்கானிக் சொல்றாரே அண்ணே?

பட்டை தாங்கும். பிரேக் தாங்காது, டயர் தாங்காது, ஆக்சில் தாங்காது. அதே வேகத்தில் எடை இரட்டித்தால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் இரட்டிக்கிறது. டிரம்மும் லைனிங்கும் அதே பழைய அளவுதான். மலைப் பாதையில் இறங்கும்போது அது சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். வெயில் காலத்தில் அதிக எடையில் ஓடுகிற டயர் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும். பட்டை சேர்த்த வண்டியில் பின்பக்கம் உட்காராது என்பதால் ஓவர்லோடு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். எனக்கு இதில்தான் அதிக பயம்.

சட்டத்திலும் இதற்கு இடமில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களை மாற்றும்படி வண்டியில் எதையும் செய்யக் கூடாது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆர்.சி.யில் உள்ள எண் பட்டை சேர்த்ததால் மாறப்போவதும் இல்லை.

மேலே கேரியர், பக்கவாட்டுல இரும்புத் தகடு, உள்ளே வெல்டிங் மெஷின் நிரந்தரமா பொருத்தியிருக்கேன். அதுவும் லோடுல சேருமா?

சேரும். முதல் பதிலில் சொன்ன கழித்தல் கணக்கு, காலி எடை ஆர்.சி.யில் உள்ளபடியே இருந்தால்தான் சரிவரும். 150 கிலோ தகடும் ஆங்கிளும் அடித்திருந்தால் சரக்கில் 150 கிலோ போயிற்று. அதைவிட, காலி வண்டியே ஆர்.சி.யில் உள்ள காலி எடையைத் தாண்டி ஓடினால் அதுவும் 113ஆவது பிரிவுக்கு விரோதம்தான். அதாவது, சரக்கு எதுவும் இல்லாமலேயே நீங்கள் குற்றம் செய்துகொண்டிருக்க முடியும். வெல்டிங் முடிந்ததும் டேங்கை நிரப்பி, காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி பதிந்துகொள்ளுங்கள்.

2018ல அரசாங்கமே எடையை ஏத்திக் கொடுத்துட்டதா சொல்றாங்களே?

2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது உண்மை. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. அந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், அது பெரிய லாரிகளின் கணக்கு. உங்கள் குட்டி யானையின் மொத்த எடையே அதில் கால்வாசி வராது. சின்ன வண்டிக்கு ஆர்.சி.யில் என்ன எண்ணோ அதுதான்.

எடை சரியா இருக்கு, ஆனா கம்பி பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. சிவப்புத் துணி கட்டிட்டா போதுமா?

போதாது. பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அளவைத் தாண்டி சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், எடை ஒரு கிலோகூடக் கூடாவிட்டாலும் 20,000 ரூபாய் அபராதம். இரவில் பைக்கில் வருகிறவருக்கு அந்தத் துணி தெரியாது, கம்பி முனை தெரியவே தெரியாது. நேராக நெஞ்சிலோ முகத்திலோ குத்தும். 12 மீட்டர் கம்பியைச் சின்ன வண்டியில் கொண்டுவராதீர்கள். டிப்போவிலேயே அளவுக்கு வெட்டி வாங்குங்கள், இல்லையென்றால் நீள வண்டிக்கு வாடகை கொடுத்துவிடுங்கள்.

மொத்த எடை உள்ளேதான் இருக்கு. ஆனாலும் ஸ்டியரிங் லேசா இருக்கற மாதிரி தோணுது, ஏன்?

சரக்கு பின் ஆக்சிலுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே ஏறுகிற எடை நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். முன் சக்கரம் சாலையை அழுத்தினால்தான் வண்டி திரும்பும், பிரேக்கும் பிடிக்கும். கனமான சாமானைக் கேபினை ஒட்டி, தரையோடு அடுக்குங்கள். லேசானது மேலேயும் பின்னாலும் இருக்கட்டும். வழியில் பாதி இறக்குவதாக இருந்தால், கடைசியில் இறக்க வேண்டியதை முன்னால் வைத்துவிட்டால் மிச்ச லோடும் சரியான இடத்தில் இருக்கும். ஜெனரேட்டர், மிக்சர் போன்றவை உருளாமல் கட்டை கொடுத்துக் கயிறு போடுங்கள். தார்ப்பாய் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், தார்ப்பாய் மழைக்கு மட்டும்தான்.

சித்தாள், பெரியாள் எல்லாரையும் பின்னாடியே ஏத்திக்கிட்டுப் போயிடலாம்ல? பஸ் செலவு மிச்சம்.

வேண்டாம். ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர் கேபினில், அவ்வளவுதான். என்னிடம் வேலை பார்த்த ஒருவர், வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது பின்கதவைத் தாண்டி விழுந்தார். எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அன்றைக்கு வண்டியில் எடை குறைவு, வேகமும் அதிகமில்லை. அதன்பிறகு என் வண்டியில் யாரையும் பின்னால் ஏற விட்டதில்லை.

பணக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு வண்டியில் போகிற சரக்கு உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய பிரதிநிதிக்கோ மூன்றாம் நபர் பாலிசியில் பாதுகாப்பு உண்டு. ஆனால் சும்மா ஏறி வருகிற பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். லோடுமேனை எப்போதும் கூட்டிப்போகிறவர்கள், பாலிசியில் எத்தனை தொழிலாளர்களுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அநேகமாக டிரைவர் ஒருவருக்குத்தான் கட்டியிருப்பார்கள்.

வாடகை வண்டி பிடிச்சு சாமான் ஏத்தறேன். ஓவர்லோடுன்னா அது வண்டிக்காரர் பிரச்சினைதானே?

அபராதச் சீட்டு அவர் பெயரில்தான் முதலில் எழுதப்படும். ஆனால் மேலே சொன்னபடி, ஓட்ட வைத்தவரும் பொறுப்பில் வருகிறார். 'இன்னும் பத்து மூட்டை போடு, ஒரே நடையா போயிடட்டும்' என்று சொன்னது நீங்கள் என்றால் அந்தப் பொறுப்பு உங்களையும் தொடும். ஏற்றுவதற்கு முன்பு ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தாலும் செல்லும். இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்துவிட்டு, மிச்சம் போதவில்லை என்றால் இரண்டு நடைக்குப் பேசி வாடகையை முடிவு செய்துகொள்ளுங்கள்.